குள நீர்மட்டப் பெட்டி ஒரு போனில் வருகிறது, இன்னொன்றில் வெறும் வெள்ளை

குளக்கட்டு (கிளிநொச்சி) எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கமக்காரர் அமைப்புக்கு ஒரு சின்னப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறேன். இரணைமடு, அக்கராயன், கனகாம்பிகைக்குளம், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று ஐந்து குளங்களின் நீர்மட்டத்தை விடிய ஐந்து மணி போல் போனில் பதிவார்கள், சேர்வரில் ஓடுகிற பிஎச்பி நிரல் அதை எடுத்து ஒரு சின்ன அட்டவணைப் பெட்டியாக்கித் தரும். அவ்வளவுதான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் வான்கதவு திறந்த கதை ஆளுக்கு ஒரு விதமாக வந்து சேர்ந்து நாங்கள் பட்ட பாடு இங்கே பலருக்குத் தெரியும், அதனால் இந்த முறை காலபோக மழைக்கு முதல் இது ஒழுங்காக ஓட வேண்டும் என்று அமைப்பில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

என் பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. இதே பெட்டியை வேறு நாலு தளங்களும் கேட்டதில்தான் தலையிடி தொடங்கியது: ஒரு சனசமூக நிலையம், ஒரு பழைய மாணவர் சங்கம், கனடாவில் இருக்கிற எங்கள் ஊர்ச் சங்கம், ரியூசன் ஆசிரியர் ஒருவரின் புளொக். எல்லோருக்கும் ஒரே ஒரு ஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் பிரவுசர் ஓட்டுகிற சின்ன நிரல்) வரி கொடுத்தேன். அந்த ஸ்கிரிப்ட் என் சேர்வரில் இருந்து வந்து, பழைய அளவே திரும்பத் திரும்ப வராமல் இருக்க இப்போதைய நேரத்தை முகவரியின் வாலில் ஒட்டி, இரண்டாவது ஒரு ஸ்கிரிப்டை டொக்கியுமென்ட் ரைட்டால் (திறந்துகொண்டிருக்கிற பக்கத்துக்குள் நேரே எழுதுகிற கட்டளை) எழுதும். இரண்டாவது வந்து அட்டவணையைப் போடும்.

இப்போது நடப்பது என்னவென்றால், என் கொம்பியூட்டரில் குரோமில் நாலு தளத்திலும் பெட்டி வருகிறது. ஒட்டுசுட்டானில் அளவு பதிகிற தம்பியின் போனிலும் குரோம்தான், ஆனால் ஒரு நேரம் பெட்டி வருகிறது, ஒரு நேரம் வெறும் வெள்ளை. ஊர்ச் சங்கத் தளத்தில் எனக்கு வருகிறது, கனடாவில் ஒருவருக்கும் வரவில்லை என்கிறார்கள். பெரியப்பாவின் ஓபரா மினியில் நேற்றுத் திறந்த அளவே இன்றைக்கும் நிற்கிறது, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தானாகப் புதுப்பிக்கத்தான் எழுதியிருக்கிறேன். சனசமூக நிலையத் தளத்தில் அளவு பதிகிற படிவத்தையும் ஐஃப்ரேமாக (ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிற சட்டம்) போட்டேன், அண்ணன் அனுப்பிய ஐபோனில் லொகின் பண்ணினால் திருப்பியும் லொகின் பக்கமே வருகிறது.

எல்லாவற்றிலும் விசித்திரம் பழைய மாணவர் சங்கத் தளம். அங்கே பெட்டி வருகிறது, குளத்தின் பெயர் சரியாக வருகிறது, ஆனால் "27 கவ" என்று காட்டுகிறது. கவ என்றால் என்ன அளவு என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக் கேட்டு ஆளை வாட்டுகிறார்கள். நான் கவ என்று எங்கேயும் எழுதவில்லை!

ஒவ்வொரு பிரவுசருக்கும் தனித்தனியாகக் கோட் எழுத வேண்டுமா? அப்படி என்றால் என்னால் ஏலாது.


பாலைப்பழம் (முல்லைத்தீவு) எழுதியது:

தம்பி (அண்ணன் என்றால் மன்னிக்கவும்), முதலில் அந்தக் கவ. பழைய மாணவர் சங்கத் தளம் பாமினி எழுத்துருவில் (ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தை வைத்திருக்கிற பழைய எழுத்துரு) இருக்கிறது, சரியா? நீங்கள் அடி என்பதை ஆங்கிலத்தில் எஃப், டி என்று இரண்டு எழுத்தாகப் போட்டிருப்பீர்கள். பாமினியில் எஃப் விசை க, டி விசை வ. குளத்தின் பெயர் யுனிகோட் (தமிழுக்குத் தனி இடம் உள்ள இன்றைய பொதுக் குறியீடு) என்பதால் பாமினிக்குள் அதற்கு எழுத்து இல்லை, போன் தன்னிடம் இருக்கிற வேறு எழுத்துருவால் காட்டிவிடுகிறது, அதனால் அது தப்பியது. ஆங்கில எழுத்து இரண்டும் மாட்டிக்கொண்டன. ஸ்கிரிப்டால் உள்ளே போடுகிற எதுவும் வீட்டுக்காரரின் உடுப்பைத்தான் போட்டுக்கொள்ளும், அவர்களின் எழுத்துரு, நிறம், அட்டவணைக் கோடு எல்லாம் உங்கள் பெட்டிக்கும் ஏறும். ஐஃப்ரேமில் அந்தத் தொல்லை இல்லை, அதற்கு வேறு தொல்லைகள் உண்டு. இப்போதைக்கு "அடி" என்று தமிழில் எழுதிவிடுங்கள், கவ போய்விடும்.

ஒட்டுசுட்டான் தம்பியின் வெள்ளைப் பெட்டி: அவர் எந்த இடத்தில் நின்று பார்க்கிறார் என்று கேளுங்கள். மாங்குளத்தில் இருந்து அந்த ரோட்டில் போகும்போது காட்டுக்குள் போனின் மேல் மூலையில் ஈ என்ற ஆங்கில எழுத்து வரும், அதாவது 2ஜி. குரோம் 55ஆம் பதிப்பில், 2016 டிசம்பரில், ஒரு வேலை செய்தது: 2ஜி மாதிரி மெதுவான இணைப்பில், டொக்கியுமென்ட் ரைட்டால் உள்ளே எழுதப்படுகிற வேறு தளத்து ஸ்கிரிப்டை எடுக்காமல் விட்டுவிடும். அந்த ஸ்கிரிப்ட் வந்து சேரும்வரை முழுப் பக்கமும் காத்து நிற்கும் என்பதுதான் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது. போனில் ஏற்கெனவே கொப்பி இருந்தால் விட்டுவிடாது. ஆனால் நீங்கள் வாலில் நேரத்தை ஒட்டுகிறீர்களே, ஒவ்வொரு தரமும் அது புது முகவரி, கொப்பி எப்படி இருக்கும்? பழைய அளவு வரக்கூடாது என்று செய்த வேலை, காட்டுக்குள் நிற்கிறவனுக்கு அளவே வராமல் செய்துவிட்டது.

ஊர்ச் சங்கத் தளத்தை நீங்கள் எந்த முகவரியில் திறக்கிறீர்கள்? எச்டிடிபியா, எஸ் உள்ளதா? அவர்களுக்கு நீங்கள் கொடுத்த ஸ்கிரிப்ட் வரியில் எஸ் இருக்கிறதா? இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். பிரவுசர் வேறு என்பதால் வந்த பிரச்சினையாக எனக்குப் படவில்லை.

ஓபரா மினியை மாற்ற ஏலாது. டேட்டாவை மிச்சம் பிடிக்கிற முறையில் அது ஓடினால், பக்கத்தை ஓபராவின் சேர்வரே திறந்து, ஸ்கிரிப்டையும் அங்கேயே கொஞ்ச நேரம் ஓடவிட்டு, முடிவில் வருவதைச் சுருக்கிப் போனுக்கு அனுப்பும். போனுக்கு வந்த பிறகு உங்கள் ஐந்து நிமிடக் கணக்கு ஓடாது. பெரியப்பா திருப்பித் திறந்தால்தான் புது அளவு. பெட்டிக்குக் கீழே "புதிய அளவைப் பார்க்க" என்று சாதாரண இணைப்பு ஒன்று போடுங்கள், அது எந்தப் போனிலும் வேலை செய்யும்.


குளக்கட்டு எழுதியது:

அண்ணா, பாமினிதான்! அடி என்று மாற்றினேன், கவ போய்விட்டது. ஒரு கிழமையாக மண்டையை உடைத்தேன், நீங்கள் பார்க்காமலே சொல்லிவிட்டீர்கள்.

ஊர்ச் சங்கம்: வெட்கமாக இருக்கிறது. நான் எப்போதோ சேமித்து வைத்த முகவரியில் எஸ் இல்லை, அவர்கள் எல்லோரும் எஸ் உள்ள முகவரியில் போகிறார்கள், நான் கொடுத்த ஸ்கிரிப்ட் வரியிலும் எஸ் இல்லை. என் சேர்வரில் எச்டிடிபிஎஸ் இருக்கிறது, அந்த வரியில் மட்டும் விட்டுவிட்டேன்.


பாலைப்பழம் எழுதியது:

அதேதான். பூட்டுப் போட்ட (எச்டிடிபிஎஸ்) பக்கத்துக்குள் பூட்டில்லாத ஸ்கிரிப்டையோ ஐஃப்ரேமையோ இன்றைக்கு எந்தப் பிரவுசரும் உள்ளே விடாது. உங்களுக்கு மட்டும் வந்ததற்குக் காரணம் நீங்கள் பூட்டில்லாத வாசலால் போனது. வருகிறவர்கள் எந்த முகவரியால் வருகிறார்களோ அதாலேயே நீங்களும் திறந்து பாருங்கள், அதுவும் புது ஜன்னலில், லொகின் இல்லாமல்.


ஓமந்தைக்காரி எழுதியது:

ஐபோன் லொகின் பற்றி ஒருவரும் சொல்லவில்லை, அதனால் நான். எனக்கு இது நேரே நடந்தது, ஒரு பாடசாலைக்கு வரவுப் பதிவு செய்து கொடுத்தபோது இரண்டு நாள் போனது.

பக்கம் சனசமூக நிலையத்தினுடையது, அதற்குள் இருக்கிற படிவம் உங்கள் சேர்வரினுடையது. லொகின் பண்ணியதும் உங்கள் சேர்வர் ஒரு குக்கி (ஆளை அடையாளம் வைக்கப் பிரவுசரில் சேமிக்கிற சின்னக் குறிப்பு) கொடுக்கிறது, சஃபாரியின் கண்ணுக்கு அது மூன்றாம் ஆளின் குக்கி, வாங்காது. 2020 மார்ச்சில் இருந்து சஃபாரி அப்படிப்பட்ட எல்லாக் குக்கியையும் தானாகவே தடுக்கிறது. குக்கி இல்லாமல் அடுத்த பக்கம் போனால் உங்கள் சேர்வருக்கு அவர் புது ஆள், அதனால் திருப்பியும் லொகின். ஐபோனில் குரோம் போட்டாலும் பெரிதாக மாறாது, அங்கே உள்ளே ஓடுவது பெரும்பாலும் சஃபாரியின் இயந்திரம்தான். பயர்பொக்ஸ் 2022இல் இருந்து வேறு மாதிரி: குக்கியை வாங்கும், ஆனால் ஒவ்வொரு தளத்துக்கும் தனி டப்பாவில் போடும், உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே லொகின் பண்ணியிருந்தாலும் ஐஃப்ரேமுக்குள் அது தெரியாது. குரோம் 2020இல் 80ஆம் பதிப்போடு, சேம்சைட் என்ற குறிப்பு (வேறு தளத்துக்குள்ளும் அனுப்பலாமா என்று சொல்வது) இல்லாத குக்கியை ஐஃப்ரேமுக்கு அனுப்புவதை நிறுத்தத் தொடங்கியது. உங்கள் குரோமில் லொகின் வேலை செய்கிறது என்றால் நீங்கள் எங்கேயோ பார்த்து குக்கியில் சேம்சைட் நன், செக்யூர் என்று இரண்டையும் போட்டிருப்பீர்கள்.

இதற்குச் சுற்றுவழி தேட வேண்டாம், நான் தேடி அலுத்துவிட்டேன். லொகின் உள்ள எதையும் ஐஃப்ரேமுக்குள் வைக்காதீர்கள். சனசமூக நிலையத் தளத்தில் "அளவு பதிய" என்று ஒரு பொத்தான், அழுத்தினால் உங்கள் பக்கமே முழுதாகத் திறக்கட்டும். பதிகிறவர் ஒருவரோ இருவரோ, அவர்களுக்கு ஒரு அழுத்தல் கூடினால் என்ன?

பார்க்கிற பெட்டிக்கு ஐஃப்ரேம் நல்லது, குக்கியே தேவையில்லை. ஆனால் உயரத்தில் அடி வாங்குவீர்கள். கொம்பியூட்டரில் ஐந்து குளமும் ஐந்து வரியில் நிற்கும், சின்னப் போனில் "கனகாம்பிகைக்குளம்" ஒன்றே இரண்டு வரிக்கு மடியும், கடைசிக் குளம் வெட்டுப்பட்டு உள்ளே இன்னொரு ஸ்குரோல் வரும், விரல் பக்கத்தை நகர்த்துகிறதா பெட்டியை நகர்த்துகிறதா என்று ஒருவருக்கும் விளங்காது. உள்ளே இருக்கிற பக்கம் தன் உயரத்தை அளந்து போஸ்ட்மெசேஜ் மூலம் வெளியே சொல்ல வேண்டும், வெளியே இருக்கிற பக்கத்தில் அதைக் கேட்டு உயரத்தை மாற்ற நாலு வரி ஸ்கிரிப்ட் இருக்க வேண்டும். கேட்கிற பக்கம், செய்தி உங்கள் தளத்தில் இருந்துதான் வந்ததா என்று கட்டாயம் பார்க்க வேண்டும், யாரும் அனுப்பலாம். புளொக்கில் ஸ்கிரிப்ட் போட விடாவிட்டால் போனில் வருகிற உயரத்தை அளந்து, அதோடு கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள், கீழே வெள்ளை இடம் கிடந்தால் கிடக்கட்டும்.

அப்புறம் ஒன்று. உங்கள் ஹோஸ்டிங் எக்ஸ் ஃப்ரேம் ஒப்ஷன்ஸ் என்ற ஹெடரை (பக்கத்தோடு சேர்வர் அனுப்புகிற குறிப்பு) தானாகச் சேம் ஒறிஜின், அதாவது தன் தளத்துக்குள் மட்டும், என்று அனுப்புகிறதா பாருங்கள். அப்படி என்றால் ஒரு பிரவுசரிலும் பெட்டி திறக்காது. அதில் அலோ ஃப்ரம் என்று போட்டு ஒரு தளத்துக்கு மட்டும் விடலாம் என்று பழைய கட்டுரைகளில் இருக்கும், குரோமும் சஃபாரியும் அதை ஒருநாளும் ஏற்றதில்லை. ஃப்ரேம் ஆன்செஸ்ரர்ஸ் என்ற புதிய விதியில் நாலு தளத்தின் பெயரையும் எழுதுங்கள்.


வெளிக்கிட்டவன் எழுதியது:

இவ்வளவு கஷ்டம் எதற்கு? சேர்வரில் அட்டவணையை ஒரு படமாக்கிக் கொடுங்கள். படம் எந்தப் பிரவுசரிலும் வரும், ஓபரா மினியிலும் வரும், புளொக்கிலும் வரும். நாங்கள் பேருந்து நேரத்துக்கு அப்படித்தான் செய்தோம்.


குளக்கட்டு எழுதியது:

செய்து பார்த்துவிட்டேன் அண்ணா. பிஎச்பியில் படம் வரைகிற ஜிடியில் எழுதினால் "இரணைமடு" என்பதில் ணை வரவேண்டிய இடத்தில் முதலில் ண, பிறகு ஐகாரக் கொம்பு தனியாக நிற்கிறது. "முத்தையன்கட்டு" இன்னும் மோசம், மு என்பது ம ஆகவும் பக்கத்தில் ஒரு வாலாகவும் பிரிந்துவிட்டது. அமைப்பின் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திருப்பிப் போட்டுப் பார்த்தார், பிறகு "இது என்ன, சிங்களமா?" என்றார். அன்றோடு படத்தை விட்டேன்.


பாலைப்பழம் எழுதியது:

அது ஜிடி எழுத்தை வந்த வரிசையிலேயே வரைவதால். தமிழ் எழுத்தைச் சேர்த்து அடுக்கத் தெரிந்த பாங்கோ மாதிரி ஒன்றைப் பிடித்தால் படத்திலும் சரியாக வரும். ஆனால் படத்தில் இருப்பதைத் தேட ஏலாது, கண் தெரியாதவருக்கு போன் வாசித்துக் காட்டாது, பெரிதாக்கினால் மங்கும். மழைக்காலத்துக்கு நான் படம் கொடுக்கமாட்டேன்.

நான் முதலே கேட்டிருக்க வேண்டியது: அந்த நாலு தளத்தில் எத்தனையில் சேர்வர் பக்கம் கை வைக்க உங்களுக்கு இடம் இருக்கிறது? பிஎச்பி ஓடுகிற தளம் என்றால், பெட்டியைச் சேர்க்கிற வேலையைப் பிரவுசரிடம் விடவே வேண்டாம். அவர்களின் சேர்வரே உங்கள் சேர்வரிடம் போய் அட்டவணையை எடுத்து, பக்கத்துக்குள் வைத்து, முழுதாக அனுப்பட்டும். போனுக்குப் போய்ச் சேருவது வெறும் எச்டிஎம்எல். ஸ்கிரிப்ட் இல்லை, குக்கி இல்லை, பூட்டுப் பிரச்சினை இல்லை, 2ஜியிலும் வரும், ஓபரா மினிக்கும் அது சாதாரணப் பக்கம்தான். பிரவுசர் வித்தியாசம் என்று நீங்கள் தொடங்கிய கதையில் முக்கால்வாசி அதோடு போய்விடும்.

மூன்று இடத்தில் கவனம். ஒன்று, பிஎச்பியின் இன்குளூட் கட்டளைக்கு உங்கள் முகவரியைக் கொடுத்து எடுக்கச் சொல்லாதீர்கள், வந்தது எதுவாக இருந்தாலும் அதை நிரலாக ஓட்டிவிடும். வழக்கமாக அது பூட்டித்தான் இருக்கும், திறந்துவிடச் சொல்லிச் சிலர் எழுதுவார்கள், கேட்காதீர்கள். கேர்ளால் (வேறு சேர்வரில் இருந்து எடுக்கிற பிஎச்பி வசதி) வெறும் எழுத்தாக எடுங்கள். இன்னும் நல்லது, அட்டவணையாக எடுக்காமல் எண்ணும் பெயரும் மட்டும் எடுத்து, அட்டவணையை அவர்கள் பக்கத்திலேயே போடுவது. அடுத்தது காத்திருக்கிற நேரம்: எல்லை சொல்லாவிட்டால் கேர்ள் தன்பாட்டில் நீண்ட நேரம் காத்து நிற்கும், உங்கள் சேர்வர் விழுந்தால் நாலு பேரின் பக்கமும் சேர்ந்து தொங்கும். மூன்று செக்கன் கொடுங்கள், வராவிட்டால் கடைசியாக எடுத்து வைத்த கொப்பியைக் காட்டுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் எடுத்தால் காணும், ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தரம் எடுக்கத் தேவையில்லை.

மற்றது, கொப்பியைக் காட்டுவதென்றால் எத்தனை மணிக்கு எடுத்த அளவு என்பது பெட்டிக்குள்ளேயே பெரிதாக இருக்க வேண்டும். இரணைமடு 36 அடிக்குக் கிட்ட வருகிற இரவில் நேற்றைய 33 அடியைப் பார்த்துவிட்டு ஒருவர் குளத்துக்குக் கீழே தட்டுவன்கொட்டிப் பக்கம் நிம்மதியாகப் படுத்துவிடக் கூடாது. 24 மணி நேரத்துக்கு மேல் பழையது என்றால் எண்ணையே காட்டாதீர்கள், "புதிய அளவு வரவில்லை" என்று மட்டும் காட்டுங்கள்.


குளக்கட்டு எழுதியது:

நாலு நாளாக இதில்தான் நின்றேன், இப்போது எழுத நேரம் கிடைத்தது.

சனசமூக நிலையம், ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம் மூன்றிலும் பிஎச்பி ஓடுகிறது, மூன்றிலும் சேர்வர் பக்கமாக எடுக்க வைத்துவிட்டேன். முதல் இரண்டும் அரை மணி வேலை. பழைய மாணவர் சங்கத் தளத்தில் மட்டும் திருப்பியும் பூதம் கிளம்பியது: குளத்தின் பெயர் இருக்க வேண்டிய இடம் முழுக்க தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர், இப்படியே மாறி மாறி வரிசையாக. ஸ்கிரிப்டாக இருந்தபோது சரியாக வந்த பெயர்! இரவு 11 மணிக்குத்தான் விளங்கியது, ஸ்கிரிப்ட் தனிக் கோப்பாக வந்தபோது அது யூடிஎஃப்-8 (யுனிகோட் எழுத்தைப் பைட்டாக எழுதுகிற முறை) என்று என் சேர்வர் ஹெடரில் சொல்லியது, இப்போது அதே பைட்டுகள் அவர்களின் பழைய பக்கத்துக்குள் நேரே போகின்றன, அந்தப் பக்கம் தன்னை யூடிஎஃப்-8 என்று எங்கேயும் சொல்லவில்லை. முழுத்தளத்தையும் மாற்றினால் 15 வருடப் பாமினிப் பக்கங்களில் எது உடையும் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் தமிழ் எழுத்து ஒவ்வொன்றையும் எச்டிஎம்எல் எண் குறியீடாக மாற்றி அனுப்பினேன், பக்கம் எந்தக் குறியாக்கத்தில் இருந்தாலும் அது எழுத்தாகவே வருகிறது.

லொகினை ஐஃப்ரேமில் இருந்து எடுத்துவிட்டேன், ஓமந்தைக்காரி அக்காவுக்கு நன்றி. ஐபோனில் முதல் தரத்திலேயே உள்ளே போனது.

நேரத்தைப் பெட்டிக்குள் போட்டதில் இன்னொரு பிழை வெளியே வந்தது. விடிய ஐந்து மணிக்குப் பதிந்த அளவு நேற்று இரவு 11.30 என்று காட்டியது. சேர்வர் இருப்பது வெளிநாட்டில், அதன் மணிக்கூடு யூடிசியில் (உலகப் பொது நேரம்), நாங்கள் ஐந்தரை மணி முன்னால். இவ்வளவு நாளும் திகதி மட்டும் போட்டு ஒரு நாள் பிந்தியே காட்டியிருக்கிறேன், ஒருவரும் கவனிக்கவில்லை. நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றிவிட்டேன்.

இன்று காலை ஒட்டுசுட்டான் தம்பி காட்டுக்குள் நின்று ஸ்கிரீன்ஷொட் அனுப்பினான், மேலே ஈ, கீழே ஐந்து குளமும்.

புளொக் மட்டும் ஐஃப்ரேமில் நிற்கிறது, அங்கே ஸ்கிரிப்ட் போட ஆசிரியருக்குப் பயம். போனுக்காக உயரத்தைக் கூட்டிக் கொடுத்ததில் கொம்பியூட்டரில் பெட்டிக்குக் கீழே ஒரு சாண் வெள்ளை இடம் கிடக்கிறது. அந்த இடத்தில் தன் ஓ/எல் கணித வகுப்பு விளம்பரத்தைப் போட்டுத் தரச் சொல்லி நேற்றிலிருந்து என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.